தனி விமானத்தின் கணக்கை முழுதாகப் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புலம்பெயர்ந்த நம்மவர்களின் திருமணச் செலவுகள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். லண்டனிலிருந்து ரொறன்ரோவுக்குத் தனி ஜெட் விமானம் அமர்த்துவதற்கு அதில் ஒரு கணக்கு, கட்டம் கட்டிப் போடப்பட்டிருந்தது. மணிக்கு 7,000 பவுண், பயணம் எட்டு மணி நேரம், ஆக 56,000 பவுண். எட்டுப் பேர் பகிர்ந்தால் ஒரு வழிக்கு ஆளுக்கு 7,000 பவுண். இந்தக் கணக்குப் பிழையானது. கட்டுரையின் மற்றப் பகுதிகளோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தக் கட்டத்தைப் படம் பிடித்து உறவினர்கள் வட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். அதை வைத்துக் கொண்டு யார் எவ்வளவு போடுவது என்று பேசுகிறார்கள். எனக்கும் அது லண்டனிலிருந்தே வந்து சேர்ந்தது.

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவள். என் அக்கா லண்டன் ஹரோவில் மகனோடு இருக்கிறார். அவருடைய பேத்திக்கு வருகிற தை மாதம் ரொறன்ரோவில் கல்யாணம். அக்காவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்து முடிந்திருக்கிறது. உடலில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் விமான நிலையக் கூட்டத்துக்குள்ளும் நூற்றுக்கணக்கான பேரோடும் போகவேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். போகாமல் இருக்கவும் அக்காவுக்கு மனமில்லை. 1995 இடப்பெயர்வில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கொக்குவிலிலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர் அவர். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் மகளுக்குத்தான் இப்போது கல்யாணம். அதைப் பார்க்க அவர் ஆசைப்படுவதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பணம் போடுகிறார்கள். அக்காவின் பங்குக்கு அவர் பெயரில் இங்கே இருக்கும் காணியை விற்கச் சொல்கிறார்கள். அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரம், என்னிடம் இருக்கிறது. ஆகவே விலைமனுக்கள் எல்லாம் என் பார்வைக்கு வந்தன. விமானத்தைப் பற்றி எனக்கு முன்பு ஒன்றும் தெரியாது. ஆனால் கணக்குத் தாளை வாசிக்கத் தெரியும். தெரியாத இடங்களில் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டேன்.

முதலில் மணிக்கணக்கு. கொக்குவிலிலிருந்து கதிர்காமத்துக்கு வான் பிடித்துப் போய் அங்கேயே இறங்கிக்கொண்டால், சாரதி வெறும் வானோடு திரும்பி வரும் தூரத்துக்கும் நாங்கள்தானே காசு கொடுக்கிறோம்? விமானமும் அப்படித்தான். என் பெறாமகனுக்கு, அதாவது அக்காவின் மகனுக்கு, கிடைத்த விலைமனுவில் இருந்த விமானம் ஜெனீவாவில் நிற்பது. அங்கிருந்து வெறுமனே லண்டனுக்கு வர ஒன்றரை மணி நேரம். லண்டனிலிருந்து ரொறன்ரோ எட்டு மணி நேரம். திரும்பி லண்டனுக்கு ஏழு. ஜெனீவாவுக்குப் போக மறுபடி ஒன்றரை. ஆக 18 மணி நேரம். மணிக்கு 7,000 பவுண் என்றால் பறப்புக்கு மட்டும் 126,000 பவுண். கட்டுரையின் கணக்கை இருவழிக்கும் இரட்டித்தால் 112,000 தான் வரும்.

இதுகூட விமானம் ரொறன்ரோவில் காத்து நின்றால்தான். கல்யாணம் முடிந்து இரண்டு கிழமை மகளோடு தங்கிவிட்டு வருவோம் என்றுதான் அக்கா வீட்டில் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். அவ்வளவு நாள் ஒரு விமானத்தை யாரும் சும்மா நிறுத்தி வைக்கமாட்டார்கள். நிறுத்தினால் நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம் பறந்ததாகக் குறைந்தபட்சக் கட்டணம் கேட்பார்கள். இல்லாவிட்டால் விமானம் வெறுமனே ஜெனீவாவுக்குத் திரும்பி, மறுபடி வெறுமனே கூட்டிப்போக வரும். அப்படி வந்தால் ரொறன்ரோவிலிருந்து ஜெனீவாவுக்குப் போய் வரும் 16 மணியும் சேர்ந்து, பறக்கும் நேரம் 34 மணியாகிறது. 7,000 ஆல் பெருக்கினால் 238,000 பவுண். தங்கும் நாளைக் கூட்டினால் வாடகை இரட்டிக்கிறது என்பதைத் தங்கள் கட்டம் சொல்லவேயில்லை. நான் கேட்டுக்கொண்டதன் பேரில் பயணத்தை ஐந்து நாளுக்குள் சுருக்கினார்கள். பயணிகள் அமர்ந்திருக்கும் மணிகளுக்கு மட்டும் விலை சொல்லும் பெரிய நிறுவனங்களும் உண்டு. அவர்களுடைய மணி விலை அதற்கேற்றபடி கூட. இரண்டையும் வாங்கி முழுத்தொகையோடு முழுத்தொகையை ஒப்பிட வேண்டும்; மணி விலையோடு மணி விலையை ஒப்பிட்டுப் பயனில்லை.

வெறுமனே திரும்பும் விமானத்தில் மலிவாகப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம், உண்மையிலேயே மலிவுதான். ஆனால் அந்தப் பறப்பு வேறொருவரின் பயணத்தைத் தொங்கிக்கொண்டு நிற்பது. அவர் நாளை மாற்றினால் உங்கள் பறப்பும் போய்விடும். முகூர்த்தம் குறித்துவிட்ட கல்யாணத்துக்கு அதை நம்பிப் புறப்படக்கூடாது. கல்யாணம் முடிந்து ஆறுதலாகத் திரும்பும் வழிக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

அடுத்தது காலம். தை மாதத்தில் கல்யாணம் என்றால் நமக்கு நல்ல காலம். அத்திலாந்திக்கின் மேல் அது மிகக் கடினமான காலம். அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் வேகக் காற்று மாரியில் மிக வலுவாக இருக்கும். லண்டனிலிருந்து போகும்போது அது எதிர்க்காற்று. திரும்பி வரும்போது பின்னாலிருந்து தள்ளும். அதனால்தான் போக எட்டு மணி, வர ஏழு மணி. லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே ஏறத்தாழ 5,700 கிலோமீற்றர். பெறாமகனுக்கு முதலில் வந்த மலிவான விலைமனு ஒரு நடுத்தர ஜெட்டுக்கானது. எட்டுப் பேரையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு அந்த எதிர்க்காற்றில் ஒரே மூச்சில் போய்ச்சேர அதன் எரிபொருள் போதாது. ஐஸ்லாந்தின் கெப்லாவிக்கிலோ நியூபவுண்ட்லாந்தின் கான்டரிலோ இறங்கி நிரப்ப வேண்டும். இறங்கினால் தரையிறங்கும் கட்டணம், தரைப்பணிக் கட்டணம், மேலும் ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேல். விலைமனுவில் இது "தேவைப்படின்" என்ற ஒரே சொல்லோடு முடிந்திருந்தது. தை மாதத்தில் அது தேவைப்படும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கான்டர் என்ற பெயரைப் பார்த்ததும் என் நெஞ்சு கனத்தது. 1986 ஓகஸ்டில் நம்மவர்கள் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தபோது மீன்பிடிப் படகுக்காரர் கண்டெடுத்தது அதே நியூபவுண்ட்லாந்தின் கடலில்தான். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்று அதே கடலைத் தனி விமானத்தில் கடக்க வசதி பெற்றிருக்கிறார்கள் என்றால் எனக்கு அதில் பெருமைதான். அந்த வசதியை யாரும் அரைகுறைக் கணக்குச் சொல்லிப் பறித்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

இரண்டாவது விலைமனு, நான் மேலே மணிக்கணக்குப் போட்ட ஜெனீவா விமானத்துக்கு; அது சலெஞ்சர் 605 என்ற பெரிய ஜெட். இது இடையில் நிற்காமல் போகக்கூடியது. கைத்தொலைபேசியில் வந்த இரண்டு பக்கத் தாள். முதல் பக்கத்தில் விமானத்தின் படமும் தோல் இருக்கைகளும் பெரிய எழுத்தில் ஒரு தொகையும். இரண்டாம் பக்கத்தின் அடியில் எறும்பூர்ந்தது போல் ஒரு பந்தி. விரலால் இழுத்துப் பெரிதாக்கி வாசித்தேன். உறைபனி நீக்கம், செய்மதி இணையம், விசேட உணவு, விமானக் கொட்டகை, பயணப் பாதை மாற்றம் ஆகியவை நீங்கலாக என்று இருந்தது. "எல்லாம் சேர்த்துத்தான் சொன்னார்கள், சின்னம்மா" என்றான் பெறாமகன். "எல்லாம் என்றால் என்னென்ன, தம்பி? ஒவ்வொன்றாக எழுதி வாங்கு" என்றேன். மூன்று நாள் கழித்து, விலைமனு அனுப்பிய தரகர் எழுதிக் கொடுத்தார்.

உறைபனி நீக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து நினைத்துப் பார்க்க முடியாத செலவு இது. இரவு முழுக்க வெளியில் நின்ற விமானத்தின் இறக்கையில் உறைபனி படிந்திருந்தால் அதைக் கழுவாமல் பறக்கக் கூடாது. இறக்கையின் வடிவம் கெட்டு விமானம் மேலெழும்பாமல் போகலாம். முதலில் செம்மஞ்சள் நிறத் திரவத்தைச் சூடாக்கிப் பீய்ச்சி இருக்கும் பனியைக் கரைப்பார்கள். பனி தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தால், மறுபடி படியாமல் இருக்கப் பச்சை நிறத்தில் தடித்த திரவமொன்றை அதன்மேல் பூசுவார்கள். எத்தனை லீற்றர் போனதோ அத்தனைக்கும் காசு. முன்கூட்டி யாராலும் தொகை சொல்ல முடியாது என்பதால் பயணம் முடிந்த பிறகு தனிப் பற்றுச்சீட்டாக வரும். கடும் பனி நாளில் இந்த அளவு விமானமொன்றுக்கு இது ஆயிரக்கணக்கான டொலர். இரவில் சூடேற்றிய கொட்டகைக்குள் விமானத்தை நிறுத்தினால் இந்தச் செலவு பெருமளவு குறையும். கொட்டகைக்கு வாடகை உண்டு. இரண்டில் எது குறைவு என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது புத்தி.

இனி அந்த விலைமனுவின் முழுக் கணக்கு. பறப்புக்கு 126,000 பவுண். தரையிறங்கல், தரைப்பணி, தரிப்பு எல்லாம் சேர்த்து 7,500. இரண்டு விமானிகளும் ஒரு பணிப்பெண்ணும் ரொறன்ரோவில் தங்கிச் சாப்பிட 4,500. விமானிகளின் வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பு இருப்பதால் போன கையோடு அவர்கள் திரும்ப முடியாது. இந்தச் செலவைத் தவிர்க்க வழியில்லை. உணவு 2,800. பிரித்தானிய அரசின் விமானப் பயணி வரி, 2025-26 வீதப்படி, எட்டுப் பேருக்கும் சேர்த்து 5,200. 20 தொன்னும் அதற்கு மேலும் எடையுள்ள, 19 இருக்கைக்குக் குறைந்த ஜெட்டுகளுக்கு இந்த வரியின் மிக உயர்ந்த வீதம் போடுகிறார்கள். சாதாரண விமானத்தின் சிக்கன வகுப்புக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு அது. எல்லாம் கூட்டினால் 146,000. பனிக்கும் பாதை மாற்றத்துக்கும் 14,000 ஒதுக்கி வைக்கச் சொன்னேன். ஆக 160,000 பவுண், ஆளுக்கு 20,000. தங்கள் கட்டத்தின்படி இருவழிக்கும் ஆளுக்கு 14,000. எட்டுப் பேருக்கு வித்தியாசம் 48,000 பவுண். ஒரு பவுணுக்கு 400 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு கோடியே 92 இலட்சம் ரூபாய். ஆசிரியர் அவர்களே, அது இங்கே ஒரு குடும்பத்தின் காணி.

நேரத்தைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. தனி விமானம் நமக்காகக் காத்து நிற்கும், எப்போது போனாலும் எடுப்பார்கள் என்கிறார்கள். விமானம் நிற்கும், நிலையம் திறந்திருக்க வேண்டுமே. லண்டன் பக்கத்தில் தனி ஜெட்டுகள் அதிகம் போகும் பார்ன்பரோ நிலையம் வார நாட்களில் இரவு 10 மணியோடும், சனி, ஞாயிறுகளில் இரவு 8 மணியோடும் மூடிவிடும். ரொறன்ரோ பியர்சனில் நள்ளிரவு 12.30 முதல் காலை 6.30 வரை பறப்புகளுக்குக் கட்டுப்பாடு. அதிலே பிந்தினால் விமானிகளின் வேலை நேரமும் தாண்டிவிடும். பயணம் மறுநாளைக்குப் போய்விடும். மருதாணி, கூறைப்பெட்டி, சொந்தக்காரர் வழியனுப்பு என்று இழுத்துக்கொண்டு நிற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடவுச்சீட்டு, விசா, சுங்கம் எதுவும் தனி விமானத்துக்கு விலக்கல்ல. பயணிகள் பட்டியலைப் பிரித்தானிய அதிகாரிகளுக்குப் புறப்பாட்டுக்கு முந்திய 48 மணி நேரத்துக்கும் 2 மணி நேரத்துக்கும் இடையில் இணையவழி கொடுத்தாக வேண்டும்; கடைசி நேரத்தில் ஒரு மச்சானையும் ஏற்றிக்கொள்வோம் என்பது நடக்காது. அக்காவைப் பார்த்துக்கொள்ள இங்கிருந்து போயிருக்கும் உறவுக்காரப் பெண்ணிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. அவருக்குக் கனடா விசா தனியாக எடுக்க வேண்டும். இணையத்தில் பதிந்துவிட்டுப் போகும் வசதி பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்குத்தான். திரும்பும் வழியில் நியூயோர்க்கையும் பார்த்துவிட்டு வரலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். விசா இல்லாமல் அமெரிக்காவுக்குள் போகும் சலுகை, அந்த அரசோடு அதற்கென உடன்படிக்கை செய்த நிறுவனங்களின் விமானத்தில் வந்தால்தான் செல்லும். வாடகை ஜெட் நிறுவனங்கள் எல்லாம் அதில் சேர்ந்தவை அல்ல. கேட்டு உறுதி செய்யாமல் போனால் பிரித்தானியக் கடவுச்சீட்டோடும் தடுக்கப்படலாம். கனடாவுக்குள் 10,000 கனடிய டொலரும் அதற்கு மேலும் காசு கொண்டுபோனால் சொல்லியாக வேண்டும். மொய்ப்பணம், சீதனம் என்று கையில் எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க.

எல்லாவற்றிலும் எனக்குக் கவலை தந்தது இனிச் சொல்வது. விலை கூட என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் பெறாமகனிடம் வந்திருக்கிறார். நண்பரிடம் விமானம் இருக்கிறது, எரிபொருள் காசைப் பகிர்ந்துகொண்டால் போதும், பற்றுச்சீட்டெல்லாம் தேவையில்லை என்றாராம். நான் அன்றிரவே தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பணத்துக்குப் பயணிகளை ஏற்ற வேண்டுமானால் விமான நிறுவனத்துக்கு அரசின் விமானச் சேவைச் சான்றிதழ் இருக்க வேண்டும். அது இல்லாத பறப்பில் காப்புறுதியும் செல்லாமல் போகலாம். 2019 ஜனவரி 21ஆம் திகதி இரவு உதைபந்தாட்ட வீரர் எமிலியானோ சாலா பிரான்ஸின் நான்ட் நகரிலிருந்து கார்டிப் நோக்கிப் புறப்பட்ட சிறு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அதை ஓட்டியவருக்குப் பணத்துக்குப் பயணிகளை ஏற்றும் அனுமதிப்பத்திரமே இருக்கவில்லை. அந்தப் பறப்பை ஒழுங்கு செய்தவருக்கு 2021 நவம்பரில் 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது. சாலாவுக்கு வயது 28.

தரகர் என்பவர் விமானம் ஓட்டுபவர் அல்ல. உண்மையில் பறக்கப்போகும் நிறுவனம் எது, அதன் சான்றிதழ் இலக்கம் என்ன, விமானத்தின் பதிவெண் என்ன, காப்புறுதி எவ்வளவு, அந்த விமானம் பழுதானால் அதற்கு ஈடான இன்னொன்றை எவர் செலவில் தருவார்கள் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் அனுப்பக்கூடாது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு, ஐரோப்பிய நிறுவனத்தின் விமானம் லண்டனிலிருந்து கனடாவுக்குக் காசுக்கு ஆளேற்ற அனுமதி பெற வேண்டியிருக்கிறது. அந்த அனுமதி கிடைத்ததா என்றும் கேட்க வேண்டும். அக்காவைப் போன்ற நோயாளி போவதானால், ரத்துச் செய்யும் நிபந்தனைதான் ஒப்பந்தத்தின் உயிர். எங்களுக்கு வந்த மாதிரி ஒப்பந்தத்தில் புறப்பாட்டுக்கு 72 மணி நேரத்துக்குள் ரத்துச் செய்தால் முழுப்பணமும் போகும் என்றிருந்தது. நாள் மாற்றிக்கொள்ள ஒரு முறை இடம் தரும்படி கேட்டோம். ஒரு கட்டணத்தோடு ஒப்புக்கொண்டார்கள். கேட்டால் கிடைக்கிறது. பயணக் காப்புறுதிக்காரரிடமும் நோயை மறைக்காமல் சொல்லி எழுதி வாங்க வேண்டும்.

காணிப் பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விலைமனுக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த சில நாட்களுக்குள் பணம் கேட்கிறார். இங்கே காணியை விற்று, உறுதி முடித்து, அந்தப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவது அவ்வளவு விரைவாக ஆகிற காரியமல்ல. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வங்கி ஒவ்வொரு தாளாகக் கேட்கும். வாங்குபவருக்கு அவசரம் தெரிந்தால் பரப்புக்கு விலையையும் குறைப்பார். ஆகவே முற்பணத்துக்கு லண்டனில் இருக்கும் பிள்ளைகளின் பணத்தைப் போடுங்கள், காணிப் பணம் வந்தபின் கணக்கை நேர் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள்.

தங்கள் பத்திரிகையிடம் இரண்டு விடயங்களைக் கேட்கிறேன். அந்தக் கட்டத்தை அடுத்த ஞாயிறு இதழில் திருத்தி, வெறும் பறப்பையும் காத்திருப்பையும் வரியையும் பனியையும் சேர்த்து, அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் காணியை அற்றோணி மூலம் விற்று அந்தப் பணத்தை முறையாக அனுப்ப என்னென்ன பத்திரங்கள் வேண்டும், எவ்வளவு காலம் எடுக்கும் என்று ஒரு நொத்தாரிசையும் ஒரு வங்கி அதிகாரியையும் கொண்டு எழுதுவியுங்கள். தைக்கு முன் பலருக்கு அது தேவைப்படும், எனக்கும் தேவை.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற கணக்காளர்,
கொக்குவில்.